தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கிளம்பிய கதை

1988இல் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' புத்தகமாக வந்தபோது, அதை எழுதியவரைத் தமிழ் வாசகர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. தோப்பில் முகமது மீரான், நாற்பதைத் தாண்டியவர், திருநெல்வேலியில் மிளகாய் வத்தல் வியாபாரம். புத்தகத்தை அச்சுக்குக் கொடுத்ததும் அவரே, காசு போட்டதும் அவரே. ஒன்பது வருடம் கழித்து அதே மனிதருக்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. விருது வேறு நாவலுக்கு. ஆனாலும் அவர் பெயரைச் சொன்னால் இன்றும் முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கடலோரக் கதைதான். அந்தப் புத்தகம் எங்கே பிறந்து எந்த வழியாக நம் கைக்கு வந்தது என்று பார்க்கிறபோது, அது கடந்த ஊர்களைவிட அதை எழுதிய கை கடந்த தூரம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மார்த்தாண்டத்திலிருந்து புதுக்கடை வழியாகக் கீழே இறங்கினால் தேங்காய்ப்பட்டணம். மலையிலிருந்து வரும் குழித்துறை ஆறு கடலில் சேருமிடம். 1860இல் தோண்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் இந்தக் கரையை ஒட்டித்தான் ஓடுகிறது. பத்மநாப சுவாமி, இங்கிலாந்து ராணி, திருவிதாங்கூர் மகாராஜா என்று மூன்று பேருடைய பெயரைச் சுமந்தும் கன்னியாகுமரி வரை போய்ச்சேராமல் மண்டைக்காட்டோடு நின்றுவிட்ட கால்வாய் அது. ஊரில் கல்லால் கட்டிய பழைய பள்ளிவாசல் உண்டு. மாலிக் இப்னு தீனார் வழிவந்தவர்கள் எழுப்பியது என்பது ஊர் வழக்கு. மற்றபடி தென்னை. தொண்டு அழுக வைப்பதும், அடித்து நார் எடுப்பதும், கயிறு திரிப்பதும் இந்தக் கரை முழுவதும் நடந்துவந்த வேலைகள். தொண்டு ஊறுகிற நீரின் நாற்றம் தெரியாதவர்களுக்கு இந்தக் கரையைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் பாதிதான் புரியும்.

மீரான் பிறந்தது 1944 செப்டம்பர் 26. அதே செப்டம்பர் 26ஆம் தேதி, 34 ஆண்டுகளுக்கு முன்னால், திருவிதாங்கூர் அரசு வக்கம் மௌலவியின் 'சுதேசாபிமானி' பத்திரிகையின் அச்சகத்தைப் பறிமுதல் செய்து ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையை நாடு கடத்தியது. தேதி பொருந்தியது தற்செயல்தான். ஆனால் முஸ்லிம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும், இங்கிலீஷ் படிக்க வேண்டும் என்று திருவிதாங்கூர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் வக்கம் மௌலவி. அந்தச் சண்டை தேங்காய்ப்பட்டணத்தின் தெருவுக்குள் நுழைந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் பின்னால் மீரான் எழுதிய கதை. எனவே அந்தத் தேதியைச் சொல்லிவிட்டுப் போவதில் தப்பில்லை.

மீரான் பள்ளியில் சேர்ந்த காலத்தில் ஊர் அடங்கிய விளவங்கோடு தாலுகா திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. வீட்டில் பேசுவது தமிழ். அதுவும் நாகர்கோவில்காரர் கேட்டாலே ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டிய தமிழ், பாதி மலையாளமும் இடையிடையே அரபுச் சொற்களும் கலந்தது. பள்ளியில் படித்தது மலையாளம். 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி, தாய்த்தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற போராட்டத்தில், ஊருக்குப் போகிற வழியிலிருக்கும் அதே புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் போலீஸ் சுட்டது. மீரானுக்கு அப்போது பத்து வயது நிறையவில்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. தேங்காய்ப்பட்டணத்துப் பையன்கள் பலருக்கு அன்று காலையில் வீட்டு மொழியே ராஜ்யத்தின் மொழியாகவும் ஆனது. ஆனால் எழுதப் பழகிய கைக்கு அரசாணை தெரியாது. மீரான் தொடர்ந்து மலையாளத்திலேயே படித்தார், மலையாள இலக்கியத்தில் ஊறினார். தமிழ் எழுத்து அவருக்குப் பிறகு வந்த சரக்கு.

இந்த இடத்தில்தான் நாவலின் முதல் பயணம் நடக்கிறது. மனசில் இருப்பது தேங்காய்ப்பட்டணத்துத் தமிழ். பேனாவில் இருப்பது மலையாள எழுத்து. தாளில் வர வேண்டியது தமிழ் எழுத்து. தொடக்க காலத்தில் தமிழில் எழுதுவதற்கு அவருக்கு இன்னொருவர் கை துணைக்கு வேண்டியிருந்தது. கேட்கிறவர்களுக்கு இது விநோதமாகப் படும். இந்தக் கரை முஸ்லிம்களுக்கு அப்படி இல்லை. காயல்பட்டினம், கீழக்கரை தொடங்கி இலங்கை வரை எத்தனையோ வீடுகளில் பெண்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதியும் படித்தும் வந்திருக்கிறார்கள். அரபுத்தமிழ் என்று அதற்குத் தனிப்பெயரே உண்டு. வடக்கே மலபாரில் அதுபோல அரபி மலையாளம். பேச்சு ஒன்றும் எழுத்து வேறொன்றுமாக வாழ்ந்து பழகிய சமூகத்தில் பிறந்தவர் மீரான். தமிழ் நாவலின் தொடக்க காலத்திலேயே, 1885இல், 'அசன்பே சரித்திரம்' எழுதியவர் இலங்கையின் சித்தி லெப்பை. 'பிரதாப முதலியார் சரித்திரம்' வந்து ஆறே வருடம் கழித்து. அப்படி முன்கூட்டியே வந்துவிட்டு, பிறகு முஸ்லிம் வாழ்க்கை தமிழ் நாவலில் ஏன் இத்தனை காலம் மெலிந்தே கிடந்தது என்ற கேள்விக்கு, எழுத்தறிவையும் எழுத்துருவையும் விட்டுவிட்டுப் பதில் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன்.

மலையாளத்தில் படித்ததால் மீரானுக்குக் கிடைத்தது என்ன? நாவல் என்ற வடிவம். 1891இல் சி.வி. ராமன் பிள்ளை 'மார்த்தாண்டவர்மா' எழுதினார். ஸ்காட்லாந்துக்காரரான வால்டர் ஸ்காட்டின் நாவல்களை, முக்கியமாக 'ஐவன்ஹோ'வைப் படித்த வேகத்தில் பிறந்தது அது என்பது மலையாள இலக்கிய வரலாற்றில் அடிக்கடி பேசப்படுவது. ஸ்காட் தன் நாட்டின் பழங்கதைகளை நாவலாக்கியதைப் பார்த்து, சி.வி. மார்த்தாண்டவர்மாவை எதிர்த்த எட்டுவீட்டுப் பிள்ளைமார் காலத்துக் கதையை எடுத்துக்கொண்டார். அந்தக் கதை நடக்கிற பத்மநாபபுரமும் சாரோடும் தேங்காய்ப்பட்டணத்துக்காரர்களுக்கு அக்கம்பக்கம். அதில் பட்டாணியர் வருகிறார்கள், சுலைகா வருகிறாள். அரண்மனையும் வாளும் மாறுவேடமும் இருக்கின்றன. ஆனால் மீன் விற்கிற முஸ்லிமோ தோப்புக்காவல் பார்க்கிற முஸ்லிமோ இல்லை. அதற்கு வைக்கம் முகமது பஷீர் வர வேண்டியிருந்தது. மீரான் பிறகு பஷீரின் வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் கொண்டுவந்தார். என்.பி. முகம்மதின் 'தெய்வத்தின் கண்' நாவலையும் மொழிபெயர்த்தார். யாரிடம் எதைக் கற்றார் என்பதற்கு இவை போதுமான தடயங்கள்.

சரி, கதைக்கு வருவோம். நாடு விடுதலை அடைவதற்கு முந்திய காலம். வடக்கு வீட்டு அகமதுகண்ணு முதலாளிதான் ஊர். பள்ளிவாசல் அவர் சொல்கேட்கிறது, தோப்புகள் அவருடையவை, தோப்பில் வேலை செய்கிறவர்களும் ஏறக்குறைய அவருடையவர்கள். கடைத்தெருவில் அவர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். நபி வழிவந்தவர் என்று சொல்லிக்கொண்டு கடல் தாண்டி வந்த தங்ஙள் ஒருவர் மந்திரத்தாலும் தாயத்தாலும் ஊரை மயக்கி முதலாளி வீட்டிலேயே ராஜபோகமாக இருக்கிறார். ஊரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வைக்க ஆள் வருகிறது. இங்கிலீஷ் படித்தால் தீன், அதாவது மார்க்கம், போய்விடும் என்று எதிர்ப்பு கிளம்புகிறது. உள்ளே, பெரிய வீட்டின் இருட்டில், பெண்களின் வாழ்க்கை தனியாகப் புழுங்குகிறது.

முதலாளியை நிமிர்ந்து பார்க்கிறவன் ஒருத்தன்தான். மஹ்மூது. சுறாப்பீலி வியாபாரி. இந்தப் பாத்திரத்திடம் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். சுறாவின் பீலியை அறுத்து, மணலில் காயவைத்து, கட்டாகக் கட்டி விற்கிற தொழில். உள்ளூரில் அதை யாரும் தின்பதில்லை. கைமாறிக் கைமாறிக் கப்பலேறிச் சீனர்களின் சூப்புக் கோப்பைக்குப் போகிற சரக்கு அது. வாங்குகிறவன் ஊருக்கு வெளியே இருக்கிறான், சரக்கு கடலிலிருந்து வருகிறது. முதலாளியின் தோப்பிலிருந்து ஒரு தேங்காய்கூட மஹ்மூதுக்குத் தேவையில்லை. அவனுடைய துணிச்சலுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். மீரான் இதை எங்கும் விளக்கிச் சொல்வதில்லை. தொழிலை மட்டும் கொடுத்துவிட்டு விலகிவிடுகிறார். தென்னையை நம்பியிருப்பவன் குனிகிறான், கடலை நம்பியிருப்பவன் குனிய மாட்டேன் என்கிறான். நிலவுடைமை, வர்க்கம் என்று கட்டுரை எழுதுகிறவர்கள் பத்துப் பக்கத்தில் சொல்வதை ஒரு வியாபாரியின் கண் இப்படிப் பிடித்துக்கொள்கிறது. வத்தல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கொள்முதல், கடன், தவணை என்று பார்த்த மனிதருக்கு, ஒரு பாத்திரத்தின் குணத்தைவிட அவனுக்கு எங்கிருந்து பணம் வருகிறது என்பது முதலில் கண்ணில் பட்டிருக்கிறது. படிப்பாளிகள் எழுதிய பல கிராம நாவல்களில் இல்லாத பலம் இது.

இன்னொன்று சிரிப்பு. முதலாளியை வில்லனாக்கி அடிப்பது எளிது. மீரான் அவரை ஒரு பெரிய குழந்தையாகக் காட்டுகிறார். அவருடைய வீறாப்பும் அறியாமையும் சேர்ந்து வரும்போது சிரிப்பு வந்துவிடுகிறது, அடுத்த பக்கத்திலேயே அந்த அறியாமை யாரை என்ன செய்தது என்று தெரிந்து சிரித்ததற்காக நெளிய வேண்டியிருக்கிறது. பஷீரிடம் இருக்கும் சிரிப்பில் கருணை மேலோங்கி நிற்கும். இவருடையதில் கோபம் அடியில் கிடக்கிறது.

எழுதியது உடனே புத்தகமாகிவிடவில்லை. முதலில் 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்தது. இதைச் சாதாரணமாகக் கடந்துவிடக்கூடாது. ஒரு முஸ்லிம் ஊரின் ஜமாஅத்து அதிகாரத்தையும் போலித் தங்ஙளையும் இங்கிலீஷ் பள்ளிக்கு நடந்த எதிர்ப்பையும் போட்டு உடைக்கிற கதை, முஸ்லிம் வாசகர்களுக்கான இதழில், அவர்கள் வீட்டுத் திண்ணைக்கே மாதாமாதம் போய்ச் சேர்ந்திருக்கிறது. வெளியார் யாரும் எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் கதை தன் வீட்டாரிடம் பேசியது. பிறகு வந்த பாராட்டுகளில் 'முஸ்லிம் வாழ்வைப் பொதுச் சமூகத்துக்குத் திறந்து காட்டிய நாவல்' என்று ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வரும். திறந்து காட்டுவதற்காக எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. உள்ளே இருப்பவர்களோடு சண்டை போடுவதற்காக எழுதியது. கதவு திறந்திருந்ததால் தெருவில் போனவர்களுக்கும் கேட்டது.

1988க்கு வருவோம். அந்தக் காலத்தில் ஒரு நாவல் என்றால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி. நூலக ஆணை கிடைத்தால் பிழைத்தது, இல்லாவிட்டால் கட்டுக் கட்டாக வீட்டில் கிடக்கும். சொந்தமாகப் போட்டவர்கள் பையில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு அலைய வேண்டும். எழுத்தாளருக்குச் சென்னையில் ஆள் கிடையாது, பத்திரிகைப் பழக்கம் கிடையாது, நடையோ எடுத்த எடுப்பில் பிடிபடாது. நல்லவேளையாக, நெல்லையிலும் நாகர்கோவிலிலும் நல்ல வாசகர்களுக்குப் பஞ்சமில்லை. கையிலிருந்து கைக்குப் போயே பெயர் பரவியது. தமிழ்நாடு கலை இலக்கியப் பெருமன்றம் பரிசு கொடுத்தது. 1991இல் 'துறைமுகம்', 1993இல் 'கூனன் தோப்பு', 1997இல் 'சாய்வு நாற்காலி' என்று அடுத்தடுத்து வந்தன. 'சாய்வு நாற்காலி'க்கு அந்த ஆண்டே சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. நொடித்துப்போன பெரிய வீட்டில் பழம்பெருமை பேசிக்கொண்டு நாற்காலியை விட்டு எழாத மனிதரின் கதை. என்னைக் கேட்டால், கருவாட்டைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு அங்கிருந்து வரும் கணக்குக் கடிதத்துக்காகக் காத்திருந்து ஏமாறுகிறவர்களைப் பற்றிய 'துறைமுகம்' அதைவிட ஒரு படி மேல். விருதுகளுக்கு அவற்றின் நேரம் உண்டு, புத்தகங்களுக்கு அவற்றின் நேரம்.

அகாதெமி விருது முதல் நாவலுக்கு வண்டி பிடித்துக் கொடுத்தது. 1998இல் எம். விஜயலட்சுமியின் மொழிபெயர்ப்பில் ஓரியண்ட் லாங்மன் ஆங்கிலத்தில் வெளியிட்டது. பிறகு காலச்சுவடு தமிழில் புதிய பதிப்பு போட்டது. கல்லூரிப் பாடங்களுக்கும் ஆய்வுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. தஞ்சாவூரிலும் சேலத்திலும் மாணவர்கள் கடலோர முஸ்லிம்களின் பேச்சைத் திக்கித் திக்கி வாசிக்கும்படி ஆனது.

அந்தப் பேச்சை அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. உரையாடலை மட்டும் வட்டாரமாக வைத்துவிட்டு, கதை சொல்கிற குரலை மேடைத்தமிழில் வைத்துக்கொள்கிற சமரசம் தமிழில் பலர் செய்வது. மீரானிடம் கதைசொல்லியின் குரலிலும் ஊர் ஒலிக்கிறது. நல்ல தமிழ் தெரியாததால் வந்தது என்று முகம் சுளித்தவர்களுக்கு ஸ்காட்லாந்தில் நல்ல துணை கிடைக்கும். லூயிஸ் கிராசிக் கிப்பன் 1932இல் எழுதிய 'சன்செட் சாங்' நாவலில், ஆங்கில வாக்கியத்தையே தன் பண்ணைக்காட்டு ஸ்காட்ஸ் பேச்சின் தாளத்துக்கு வளைத்து, கதை முழுவதையும் அந்தக் குரலிலேயே சொன்னார். ஊர்க்காரர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. அசிங்கப்படுத்திவிட்டான் என்றார்கள். இன்று ஸ்காட்லாந்தின் நாவல் என்று எதையாவது கேட்டால் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுகிறார்கள். கிப்பனுக்கு ஆயுள் 34 வருடம் முடியவில்லை. மீரானுக்குக் காலம் கொஞ்சம் தாராளமாகவே இருந்தது. 'அஞ்சுவண்ணம் தெரு' எழுதினார். 2017இல் 'குடியேற்றம்' வந்தது. 2019 மே 10ஆம் தேதி திருநெல்வேலியில் காலமானார்.

ஆங்கிலத்துக்குப் போன புத்தகத்தில் கதை போய்ச் சேரும், மஹ்மூதின் துணிச்சலும் தங்ஙளின் பித்தலாட்டமும் போய்ச் சேரும். முதலாளி ஒரு தமிழும் கூலிக்காரன் இன்னொரு தமிழும் தங்ஙள் மூன்றாவதாக ஒன்றும் பேசுவதை ஒரே ஆங்கிலத்தில் எந்த மொழிபெயர்ப்பாளர் வந்தாலும் பிரித்துக் காட்ட முடியாது. அதற்காக அந்தப் பயணம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். இந்தக் கரையைப் பற்றித் திருவனந்தபுரத்துக்கு அப்பால் எதுவும் அறியாத ஒருவருக்கு அதுவே வாசல்.

தேங்காய்ப்பட்டணத்தில் இப்போது ஆற்று முகத்துவாரத்தில் அரசின் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. வாயில் மணல் மேடிட்டு, அலையில் படகு கவிழ்ந்து மீனவர்கள் சாவது நின்றபாடில்லை. தூண்டில் வளைவைச் சரிசெய்யச் சொல்லி மறியல் நடக்கிறது, அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். வளைகுடாப் பணத்தில் எழுந்த வீடுகளில் பிள்ளைகள் தமிழும் இங்கிலீஷும் படிக்கிறார்கள். மலையாள எழுத்து தெரிந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள்தான். இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று ஊர் திரண்ட கதையைச் சொன்னால் அந்தப் பிள்ளைகள் நம்புவார்களா என்பதே சந்தேகம். அவர்களில் ஒருவர் இந்தத் துறைமுகத்தைப் பற்றி நாவல் எழுத உட்காரலாம். அவருக்குத் தமிழ் எழுத இன்னொருவர் கை வேண்டியிருக்காது. ஆனால் அகமதுகண்ணு முதலாளியும் மஹ்மூதும் பேசிய பேச்சு வேண்டுமென்றால் அவர் உம்மும்மாவிடம் போய் உட்கார வேண்டும், அல்லது இந்தப் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.